மறு: தற்சிறை ஒளிக்கற்றை, சாலிட்டான் – சொற்கள்

அனைவருக்கும் வணக்கம்.

விரிந்து பரவாமல் தன்னைத்தானே ஒடுக்கிக்கொண்டு செல்லும் ஒளிக்கற்றைக்கு (self-trapped beam) இங்கே முன்மொழியப்பட்ட 'தற்சிறைக் கற்றை' என்ற சொல் எனக்கு ஒட்டவில்லை. சிறை என்றதும் வெளியிலிருந்து யாரோ அடைத்ததாகத் தோன்றுகிறது. படிகத்துக்குள் நடப்பது வேறு. ஸ்ட்ரான்சியம் பேரியம் நையோபேட் படிகத்துக்கு மின்புலம் கொடுத்து, மெல்லிய லேசர் கற்றை ஒன்றைச் செலுத்துகிறோம். ஒளி பட்ட இடத்தில் மாசு அணுக்களிலிருந்து விடுபடும் எலக்ட்ரான்கள் புலத்தால் நகர்த்தப்பட்டு, இருட்டுப் பகுதியில் போய் மாட்டிக்கொள்கின்றன. இந்த மின்னூட்டப் பிரிவு, கற்றை இருக்கும் இடத்தில் மட்டும் புலத்தைக் குறைத்துவிடுகிறது. சுற்றிலும் புலம் அப்படியே நின்று, பாக்கெல்ஸ் விளைவால் (மின்புலம் படிகத்தின் ஒளிவிலகல் எண்ணை மாற்றுவது) அந்த எண்ணைத் தாழ்த்துகிறது. நடுவில் எண் கூடுதல், ஓரத்தில் குறைவு. ஆக, கற்றை தன் அலைநடத்தியை, அதாவது ஒளியைப் பரவவிடாமல் கொண்டுசெல்லும் பாதையை, தானே உண்டாக்கிக்கொண்டு விரியாமல் போகிறது. புலத்தின் திசையைத் திருப்பினால் அதே கற்றை முன்னைவிட அதிகமாக விரியும். அதனால் என் பரிந்துரை 'தன்வழிக் கற்றை'.

('தன்னடக்கக் கற்றை' வேண்டாம். மிகவும் பணிவான கற்றையாகத் தெரிகிறது.)

அடுத்து சாலிட்டான் (soliton), அதாவது உருமாறாமல் செல்லும் அலை. 'தனியலை' நல்ல சொல்தான், ஆனால் 1834-இல் பொறியாளர் ஜான் ஸ்காட் ரஸ்ஸல் கால்வாயோரம் குதிரையில் துரத்திப் போன அந்த ஒற்றை அலைக்கே அதை விட்டுவிடலாம். ஆய்வாளர்கள் சபஸ்கியும் கிரஸ்கலும் 1965-இல் சாலிட்டான் என்று பெயர் வைத்ததற்குக் காரணம், இரண்டு அலைகள் மோதிய பிறகும் துகள்கள்போல உருக்குலையாமல் வெளியே வந்ததுதான். எலக்ட்ரானின் வால் அதில் வேண்டுமென்றே ஒட்டப்பட்டது. நமக்கு 'அன்' விகுதி இருக்கிறதே: 'தனியன்'. கூட்டத்தை விட்டுத் திரியும் யானையும், வைணவர்களின் தனியன் பாடல்களும் நினைவுக்கு வரும் என்பார்கள். வரட்டும், இயற்பியல் கட்டுரையில் யாரும் குழம்பப் போவதில்லை.

இந்தப் படிகங்களில் மோதல்கள் எப்போதும் அவ்வளவு ஒழுங்காக முடிவதில்லை என்பதும் உண்மை. இரண்டு கற்றைகள் ஒன்றாகிவிடலாம், ஒன்றையொன்று சுற்றிச் சுழலவும் செய்யலாம். கறாரான கணிதப் பொருளில் இவை தனியன்களே அல்ல. ஆனாலும் துறைக்காரர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள், நாமும் அழைக்கலாம்.

உண்மையான சிக்கல், ஒளி பட்டால் ஒளிவிலகல் எண் மாறும் இந்தப் படிகத்தின் பெயரில்தான் (ஆங்கிலத்தில் photorefractive, photo என்றால் ஒளி). 'ஒளிவிலகல்' என்பதிலேயே ஒளி இருக்கிறது, முன்னால் இன்னொன்றைச் சேர்த்தால் நாக்கு தடுக்கும். 'விலகல்மாறு படிகம்' என்றால் கெர் ஊடகமும் உள்ளே வந்துவிடும். அங்கே ஒளிச்செறிவே நேராக எண்ணை மாற்றுகிறது, பெரும் திறன் வேண்டும். இங்கே மின்னூட்டம் இடம்பெயர வேண்டும். அதனால் மைக்ரோவாட் அளவே போதும், ஆனால் மெதுவாகத்தான் நடக்கும். வேறுபாடு அந்தப் பெயர்வில் இருப்பதால் 'மின்னூட்டப்பெயர்வு விலகல்' என்று முதலில் முழுதாக எழுதி, அப்புறம் 'பெயர்வு விலகல்' எனச் சுருக்கலாம். 1966-இல் பெல் ஆய்வகத்தில் இவ்விளைவைக் கண்டவர்கள் படிகம் ஒளியால் கெட்டுப்போவதாகவே கருதினார்கள், அதோடு ஒப்பிட்டால் நம் பெயர் மேல்.

மேலே சொன்னதுபோல் நிலைமின்புலத்தைத் தணித்து உருவாகும் வகைக்கு (screening soliton) 'மறைப்புத் தனியன்' வேண்டாம், ஒளிந்திருப்பதுபோல் இருக்கிறது. 'புலத்தணிப்புத் தனியன்' எப்படி?