மறு: ‘மக்கள் பங்கேற்பு’ போதுமா? – இலகு ரயில் திட்டமிடலுக்கு ஒரு கலைச்சொல்

அனைவருக்கும் வணக்கம்.

இலகு ரயில் (light rail) தடத்தை அந்தந்த ஊர் மக்களோடு சேர்ந்து திட்டமிடுவதற்கு, நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்க ஒரு சொல்லை இந்த இழையில் தேடிக்கொண்டிருக்கிறோம். அதில் ‘இலகு ரயில்’ பற்றிய பாதி முடிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறேன். சிங்கப்பூர்த் தமிழில் அது நிலைத்த சொல். கொழும்புத் திட்டம் பேசப்பட்டபோது இலங்கைப் பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதின. ‘இலகு’ என்றால் எடை குறைந்தது என்றாகிவிடாதா என்று தம்பி கேட்டிருந்தார். 1972-இல் அமெரிக்க அரசின் நகரப் போக்குவரத்துத் துறையினர் ஆங்கிலப் பெயரைச் சூட்டியபோதும் எடையை நினைக்கவில்லை. பெரிய ரயிலைவிடக் குறைந்த கூட்டத்தை, எளிய கட்டுமானத்தில் ஏற்றிச் செல்வது என்பதே அவர்கள் கருத்து. சொல் பொருந்துகிறது, விட்டுவிடுவோம்.

மக்களோடு சேர்ந்து திட்டமிடுவது என்ற மற்ற பாதிதான் என்னை உறுத்துகிறது. அதைப் பற்றி இங்கே வந்த கேள்வி:

> மக்கள் பங்கேற்பு, கருத்துக்கேட்பு என்று சொற்கள் இருக்கும்போது புதிதாக எதற்கு?

ஐயா, அந்த இரண்டும் வேறு வேறு கட்டத்தைச் சொல்பவை. நாம் பெயர் தேடும் கட்டத்துக்கு இன்னும் பெயர் இல்லை. 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையால் ‘கருத்துக்கேட்புக் கூட்டம்’ ஊர் ஊராகப் பழகிவிட்டது. எங்கள் பக்கம் கல்குவாரி என்றாலே அந்தக் கூட்டம் நினைவுக்கு வரும். அங்கே என்ன நடக்கிறது? இடம் முடிவாகிவிட்டது, வரைவு அறிக்கை அச்சாகிவிட்டது, அதன் மேல்தான் பேசலாம். நகர ஊரமைப்புச் சட்டப்படி வரும் முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) அறிவிப்புகளிலும் ‘ஆட்சேபனைகளும் ஆலோசனைகளும் வரவேற்கப்படுகின்றன’ என்றுதான் இருக்கும். வரைந்து முடித்த பிறகு மனு கொடுக்கிறவர்தான் மக்கள். நெல்லை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனு வரிசையில் நிற்பவருக்கும் இவருக்கும் பெரிய வித்தியாசமில்லை.

‘மக்கள் பங்கேற்பு’ இன்னும் தளர்வானது. மரக்கன்று நடுவதும் பங்கேற்புதான், கூட்டத்தில் கை தட்டுவதும் பங்கேற்புதான். அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படி உள்ள ஏணியாகப் பிரித்துக் காட்டினார். கருத்துக் கேட்பது அதில் நாலாவது படி. கூட்டாளியாக உட்கார்ந்து முடிவெடுப்பது ஆறாவது. ஏணி முழுவதற்கும் ‘பங்கேற்பு’ என்று ஒரே பெயர் வைத்துக்கொண்டால், நாலாவது படியில் நிற்பவரிடம் ‘உன்னை ஆறாவதில் ஏற்றியாகிவிட்டது’ என்று யாரும் சொல்லிவிடலாம். கலைச்சொல் துல்லியமாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

இது ஏட்டு விவகாரம் இல்லை. பிரான்சின் கிரெனோபிள் நகரில் டிராம் (அதுவும் இலகு ரயில் வகைதான்) வேண்டுமா என்று 1983-இல் வாக்கெடுப்பு நடந்தது. 53 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். அதைவிட முக்கியமானது, மாற்றுத்திறனாளி அமைப்புகள் வண்டியின் வடிவமைப்புக்குள்ளேயே புகுந்தது. படியேறாமல் நேராக உள்ளே போகிற தாழ்தள வண்டி வேண்டும் என்று அவர்கள் விடாமல் நின்றதால் வண்டியே மாறியது. 1987-இல் தடம் திறந்தபோது சக்கர நாற்காலியோடு ஏற முடிந்தது. அமெரிக்காவில் மினியாபொலிஸையும் செயின்ட் பாலையும் இணைக்கும் இலகு ரயில் தடத்தில், ஏழைகளும் குடியேறிகளும் மிகுந்த பகுதியில் நிறுத்தங்களைத் தள்ளித் தள்ளி வைத்திருந்தார்கள். குடியிருப்போர் கூட்டணி போராடி வெஸ்டர்ன், விக்டோரியா, ஹாம்லின் என்று மூன்று நிறுத்தங்களைச் சேர்க்க வைத்தது. 2014-இல் அவற்றோடுதான் தடம் திறந்தது. ‘கருத்துக் கேட்டார்கள்’ என்று இதைச் சொன்னால் நடந்ததில் பாதிதான் சொன்னதாகும்.

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன். திருச்சி, சேலம், நெல்லைக்கு விரைவுப் போக்குவரத்துச் சாத்தியக்கூறு ஆய்வு என்று பேச்சு வந்ததிலிருந்து நெல்லையில் ஜங்ஷன், டவுன், பாளை, புது பஸ் ஸ்டாண்டு என்று ஆளாளுக்குக் கோடு போடுகிறார்கள். தடம் வருமோ வராதோ, அது வேறு. கோடு போடும் நேரத்தில் யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று பாருங்கள்.

டவுனில் நெல்லையப்பர் கோயில் ரத வீதி. தலைக்கு மேல் மின்கம்பி கட்டி ஓடுவதுதான் வழக்கமான இலகு ரயில். தடம் அந்த வீதியைத் தொட்டால் ஆனித் தேரோட்டத்தன்று கம்பியை என்ன செய்வது? தொழில்நுட்பத்தில் விடை உண்டு. பிரான்சின் போர்தோ நகரில் 2003-இல் பழைய நகரப் பகுதிக்குள் மின்சாரத்தைத் தரையிலேயே பதித்த தண்டவாளத்தில் கொடுத்தார்கள். அதே நாட்டின் நீஸ் நகரில் 2007-இல் இரண்டு சதுக்கங்களை வண்டி பேட்டரியிலேயே கடந்தது. வரையும்போதே கேட்டால் அது ஒரு வடிவமைப்புத் தேர்வு. டெண்டர் விட்ட பிறகு கேட்டால் அதற்குப் பெயர் முட்டுக்கட்டை. பத்திரிகையில் முட்டுக்கட்டை என்றால் தடங்கல். தேரடியில் அப்படி இல்லை. சக்கரத்தடியில் கட்டை கொடுப்பவர் இல்லாமல் அவ்வளவு பெரிய தேர் வீதி முனையில் திரும்பாது. கட்டை கொடுக்கிறவரிடம் திருப்பத்தின் அளவைக் கேட்காமல் அங்கே யாரும் கோடு போடக் கூடாது என்பேன்.

மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் பெண்கள் இலையும் தூளும் வாங்கி வரவும், சுற்றிய கட்டுகளைக் கடையில் ஒப்படைக்கவும் நடந்து போகிறவர்கள். வண்ணார்பேட்டையில் நின்று வண்டிகளை எண்ணினால் அவர்கள் அந்த எண்ணிக்கையில் வரமாட்டார்கள். நிறுத்தம் எங்கே வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த வாகனக் கணக்கெடுப்புக்கும் தெரியாது.

பாளையங்கோட்டை இன்னும் முக்கியம். பார்வையற்றோர் பள்ளியும் காதுகேளாதோர் பள்ளியும் நூறாண்டு கடந்து நடக்கிற ஊர் இது. சாலையோடு சாலையாக ஓடும் மின்வண்டி பஸ்ஸைவிடச் சத்தம் குறைவாக வரும். காதால் சாலை கடக்கிறவருக்கு அது ஆபத்து, கண்ணால் கடக்கிறவருக்கு மணி மட்டும் அடித்தால் போதாது. இரண்டு பேரும் ஒரே தெருவில் நடக்கிறார்கள். கிரெனோபிளில் நடந்தது இங்கேயும் நடக்க எல்லா நியாயமும் இருக்கிறது. அவர்களைக் கூப்பிடும் முன் வரைபடம் முடிந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஆகவே என் முன்மொழிவு: ‘உடன்வரைவு’.

திட்டம் உருவாகும்போதே, தடமும் நிறுத்தங்களும் முடிவாகும் முன்பே, அவற்றால் பயனோ பாதிப்போ அடையும் மக்கள் திட்டமிடுவோருடன் அமர்ந்து வரைவது. உடன்வரைவுக் கூட்டம், உடன்வரைவுக் குழு, உடன்வரைந்த வழித்தடம் என்று வளைந்து கொடுக்கிறது. எழுதுவது, படம் போடுவது என்ற இரண்டு பொருளும் ‘வரை’யில் இருப்பது நமக்கு நல்லதே.

> சங்க இலக்கியத்தில் வரைவு என்றால் திருமணம். ‘உடன்’ சேர்ந்தால் உடன்போக்கு நினைவு வராதா?

அம்மா, காதலனோடு ஊரைவிட்டுப் போகும் அந்த உடன்போக்கு தமிழ் படித்தவர்களுக்கு நினைவு வரும், மறுக்கவில்லை. ஆனால் ‘வரைவு வாக்காளர் பட்டியல்’ என்று ஆண்டுதோறும் பத்திரிகையில் வருகிறது. யாரும் திகைப்பதில்லை. பழம்பொருள் ஏட்டிலும் புதுப்பொருள் தெருவிலுமாக இரண்டும் சேர்ந்தே வாழ்ந்து வருகின்றன.

சங்கரன்கோவில் அண்ணாச்சி சொன்ன ‘ஊர்கூடித் திட்டமிடல்’ எனக்குப் பிடித்திருக்கிறது. துண்டுப்பிரசுரத்திலும் மைக்கிலும் அதைத்தான் சொல்ல வேண்டும். விளக்கத்தில் அதையும் சேர்த்துவிடலாம், தலைச்சொல்லுக்கு மட்டும் நீளம் கூடுதல். ‘கலந்தாய்வு’ வேண்டாம். தமிழ்நாட்டில் அது பொறியியல் சேர்க்கைக்கும் ஆசிரியர் இடமாறுதலுக்கும் போய்விட்டது.

அதே காரணத்தால், ‘ஸ்டேக்ஹோல்டர்’ (stakeholder) என்பதற்கு வைத்த ‘பங்குதாரர்’ என்ற சொல்லையும் இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடக் கோருகிறேன். பங்குதாரர் என்றால் கம்பெனியில் முதல் போட்டவர். பீடிக் கட்டோடு நடக்கும் பெண்ணை அந்தச் சொல் வெளியே நிறுத்துகிறது. எங்கள் பக்கம் ‘ஊருக்குப் பாத்தியப்பட்ட கோயில்’ என்போம். உரிமையும் பொறுப்பும் சேர்ந்த சொல் அது. ‘பாத்தியப்பட்டோர்’ என்று வைத்தால் என்ன? வடமொழி வேர் என்று சிலர் தயங்கலாம், புழக்கம் இருக்கிறது என்பது என் பக்கம். யாழ்ப்பாணத்து, மலேசிய நண்பர்கள் தங்கள் ஊரில் இந்தச் சொல் உயிரோடு இருக்கிறதா என்று எழுதுங்கள். இல்லையென்றால் ‘தொடர்புடையோர்’ என்பதற்கு இறங்கி வருகிறேன். ‘உடன்வரைவு’க்கு மறுப்பு இருந்தால் அதையும் இந்த இழையிலேயே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து