மகன் பெயருக்கு வீட்டை இப்போதே செட்டில்மென்ட் எழுதிவிடலாமா?

திண்ணை62:
வயது 67, மத்திய அரசு ஓய்வூதியர். தஞ்சாவூரில் சுயசம்பாத்திய வீடு, என் ஒருவன் பெயரில். மகன் டல்லாஸில், மகள் திருச்சியில். அடுத்த மாதம் நானும் மனைவியும் மகனிடம் போய் ஆறு மாதம் இருக்கப்போகிறோம். "பின்னாடி அலைய வேணாம்ப்பா, இப்பவே எழுதி வெச்சிடுங்க" என்கிறான். மகளுக்குத்தான் கல்யாணத்தில் செய்துவிட்டோமே என்பது மனைவியின் கட்சி. எனக்கு மனசு ஒப்பவில்லை. பத்திர எழுத்தர் கொடுத்த செட்டில்மென்ட் (உயிரோடிருக்கும்போதே குடும்பத்தாருக்குச் சொத்தை எழுதிக்கொடுக்கும் பத்திரம்) வரைவில் இப்படி இருக்கிறது: "யாதொரு பிரதிபிரயோஜனமும் கருதாமல், அன்பின் நிமித்தம் எழுதிக் கொடுத்திருப்பதால், இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக் கொள்ள வேண்டியது. இதைப் பின்னால் ரத்து செய்ய எனக்கு உரிமையில்லை." கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பலாமா?

பத்திரப்பேனா:
போடாதீர்கள் சார். "இன்று முதல் தாங்களே" என்ற மூன்று வார்த்தையில் உங்கள் வீட்டில் நீங்களே விருந்தாளி ஆகிவிடுகிறீர்கள். கடைசி வரி வேறு இருக்கிற கதவையும் சாத்துகிறது.

செட்டில்மென்ட்டுக்கு எல்லோரும் ஓடுவது செலவு குறைவு என்பதால்தான். குடும்பத்துக்குள் என்றால் சொத்து மதிப்பில் 1 சதவீதம் முத்திரைத்தீர்வை, உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக்கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. பதிவாகி, மகன் ஏற்றுக்கொண்டபின், மனசு மாறியது என்று நீங்கள் தனியாகப் போய் ரத்துப் பத்திரம் எழுத முடியாது.

மூத்த குடிமக்கள் சட்டம் (2007) 23-ஆம் பிரிவு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்துக்குத்தான் அது. அந்த நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், பெற்றோர் பக்கம் சாய்ந்து தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. அதை நம்பிப் பத்திரத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டால், நாளைக்கு "அன்பு என்றாலே பராமரிப்புதான்" என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு வரி எழுதினால் அந்தப் பாடு இல்லை.

உங்கள் நிலைக்கு உயில் போதும். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளே செல்லும். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுங்கள். நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்து இரண்டு பேர் சாட்சி போட வேண்டும். பின்னால் தகராறு வந்தால் அதில் ஒருவராவது நீதிமன்றத்தில் நின்று சொல்ல வேண்டியிருக்கும். அதனால் உங்கள் வயது நண்பர்களைக் கூட்டிப்போகாதீர்கள், இருபது வயது இளையவர்களைப் பாருங்கள். சொத்து பெறுபவரையும் அவர் துணையையும் சாட்சியாக்க வேண்டாம். தெளிந்த மனநிலையில் இருப்பதாக அதே நாள் தேதியில் மருத்துவர் சான்று ஒன்று வாங்கி உயிலோடு வையுங்கள்.

கடைசிபெஞ்ச்:
சட்டம் மேலே சொல்லியாயிற்று. மகள் விஷயத்துக்கு வருகிறேன்.

சுயசம்பாத்தியம் என்பதால் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஒன்றும் எழுதாமல் போனால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு (உங்கள் தாயார் இருந்தால் அவருக்கும் ஒன்று). கல்யாணத்துக்குச் செய்த நகையை அதில் கழிக்கிற கணக்கு சட்டத்தில் கிடையாது. வீட்டுப் பேச்சில் மட்டும்தான் உண்டு. அப்படிக் கழிப்பதென்றால் மகனின் படிப்புக்கும் விமான டிக்கெட்டுக்கும் செலவழித்ததையும் எழுதிப் பாருங்கள், உங்கள் மனைவியே யோசிப்பார்.

ஆளுக்குப் பாதி என்று பிரிபடாத பாகமாக எழுதுவது நியாயமாகத் தெரியும். நடைமுறையில் அதுதான் சிக்கல். ஒருவர் டல்லாஸில், ஒருவர் திருச்சியில். முழு வீட்டை விற்க இருவரும் கையெழுத்திட வேண்டும், ஒருவர் மறுத்தால் பாகப்பிரிவினை வழக்கு. வீடு ஒருவருக்கு, அதன் பாதி மதிப்பை இத்தனை மாதத்துக்குள் மற்றவருக்குப் பணமாகத் தர வேண்டும் என்று எழுதுங்கள். மதிப்பை யார் நிர்ணயிப்பது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அந்த இடத்தில்தான் சண்டை வரும். வங்கி வைப்புக்கு மகளை நாமினி ஆக்கியதாலேயே பணம் அவளுக்கு என்று ஆகிவிடாது. நாமினி வாங்கி வைத்துக்கொள்பவர்தான். உயிலில் வைப்பையும் சொல்லுங்கள்.

இருவரிடமும் ஒரே அழைப்பில், ஒரே வார்த்தையில் சொல்லிவிடுங்கள்.

ரயில்சிநேகம்:
பயணத்துக்கு மட்டும் சொல்கிறேன். அசல் பத்திரத்தை எடுத்துப் போகாதீர்கள், லாக்கரில் வையுங்கள். லாக்கர் உங்கள் ஒருவர் பெயரில் என்றால் மனைவியையும் சேர்த்துவிட்டுக் கிளம்புங்கள். இங்கே வரி கட்ட, வாடகை வாங்க யாருக்காவது பவர் (உங்கள் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம்) கொடுத்தால் அந்த வேலைகளை மட்டும் பெயர் சொல்லி எழுதுங்கள். விற்கும் அதிகாரத்தோடு பொதுப் பவர் வேண்டவே வேண்டாம்.

நவம்பரில் அங்கே இருப்பீர்களானால் ஓய்வூதியத்துக்கான வாழ்வுச் சான்று முக்கியம். இந்தியத் தூதரக அதிகாரி கையெழுத்திட்ட படிவத்தை அனுப்பலாம். படிவத்தை இங்கேயே வங்கியில் வாங்கிப்போங்கள். அங்கே எவ்வளவு நாள் தங்கலாம் என்பதை விசாவின் பத்து வருடம் தீர்மானிப்பதில்லை. இறங்கியதும் தரும் ஐ-94 (அமெரிக்க நுழைவுப் பதிவு) தேதிதான் கணக்கு. மருந்து அசல் அட்டையிலேயே இருக்கட்டும், மருத்துவர் சீட்டில் மூலப்பெயர் ஆங்கிலத்தில் இருக்கட்டும். காப்பீட்டில் "ஏற்கெனவே உள்ள நோய்" பத்தியை வாங்குமுன் படியுங்கள். பல பாலிசிகளில் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு வழக்கமான பரிசோதனை சேராது, திடீரென்று முற்றினால் மட்டும்தான் பணம் தருவார்கள்.

திண்ணை62:
எல்லோருக்கும் நன்றி. மனைவி செட்டில்மென்ட்தான் என்று பிடிவாதமாக இருந்தால்? மகன் இங்கே வராமல் முடியுமா?

பத்திரப்பேனா:
வராமலும் முடியும். அவர் தரப்பில் ஏற்றுக்கொள்ள ஒருவருக்குப் பவர் எழுதி, அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்தை உறுதிசெய்து அனுப்ப வேண்டும். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை செலுத்தியாக வேண்டும். நாள் தப்பினால் அபராதம்.

எழுதித்தான் ஆகவேண்டுமென்றால் வரைவில் "இன்று முதல் தாங்களே" என்று வரும் வரியையும் "ரத்து செய்ய எனக்கு உரிமையில்லை" என்ற வரியையும் அடித்துவிட்டு, இதைக் கொடுத்து எழுத்தரிடம் சேர்க்கச் சொல்லுங்கள்: "மேற்படி சொத்தில் என் ஆயுள் வரையிலும், எனக்குப் பின் என் மனைவியின் ஆயுள் வரையிலும் நாங்களே குடியிருந்தும் வாடகை வசூலித்தும் அனுபவித்து வருவோம். எங்கள் உணவு, இருப்பிடம், மருத்துவம் முதலிய அடிப்படைத் தேவைகளைத் தாங்கள் கவனித்து வர வேண்டுமென்ற நிபந்தனையின் பேரிலேயே இது எழுதப்படுகிறது. அந்த நிபந்தனை தவறினால் இந்த ஏற்பாடு ரத்தாகும்."

"எனக்குப் பின் என் மனைவியின் ஆயுள் வரையிலும்" என்பதை எழுத்தர்கள் விட்டுவிடுவது வழக்கம். வீடு உங்கள் ஒருவர் பெயரில் இருப்பதால் நீங்கள் போனபின் அவர் அங்கே குடியிருக்க அந்த வரிதான் பிடிமானம். இப்போது மகனுக்காகப் பேசும் அம்மாவிடமே அதைப் படித்துக் காட்டுங்கள்.