ஸ்டார் ட்ரெக்: படங்கள் தொடர்களை மாற்றினவா, தொடர்கள் படங்களை மாற்றினவா?

பரந்தன் வாசகன்:
அனைவருக்கும் வணக்கம். ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளிக் கதைத் தொடர்களையும் படங்களையும் நான் தலைகீழாகப் பார்க்கத் தொடங்கியவன். முதலில் 2009ஆம் ஆண்டுப் படம், பிறகு பழைய படங்கள், இப்போதுதான் 1966இல் தொடங்கிய மூலத் தொடர். 1982ஆம் ஆண்டுப் படத்தில் வில்லன் கான், கப்பல் அதிகாரி செக்கோவைக் கண்டதும் அடையாளம் கண்டுகொள்கிறான். ஆனால் கான் முதன்முதலில் தோன்றும் 1967ஆம் ஆண்டு அங்கத்தை நேற்றிரவு இரண்டு தடவை பார்த்தும் அதில் செக்கோவைக் காணவில்லை. நான் எதையாவது தவறவிட்டேனா? படங்களும் தொடர்களும் ஒன்றையொன்று பாதித்தது கதையில் மட்டுந்தானா?

முள்ளியவளை:
தம்பி, நீங்கள் எதையும் தவறவிடவில்லை. அந்த அங்கம் முதலாம் சீசனுக்குரியது. செக்கோவாக நடித்த வால்டர் கெனிக் இரண்டாம் சீசனில்தான் வந்து சேர்ந்தார். தலைகீழாகப் பார்த்ததற்கும் வெட்கப்பட வேண்டாம். ஜெனரேட்டருக்கு மண்ணெண்ணெய் ஊற்றி டெக்கில் படம் பார்த்த எங்கள் காலத்தில் ஓர் இரவு எண்ணெய்க்குப் படந்தான் கட்டுப்படியாகும், தொடர் அல்ல.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு, கதையைவிடப் பணமும் ஆட்களுமே பெரிய காரணம் என்பது என் எண்ணம். 1979ஆம் ஆண்டின் முதற்படம் உண்மையில் தொலைக்காட்சிக்குப் பிறக்க வேண்டிய பிள்ளை. பாரமவுண்ட் நிறுவனம் தனக்கென ஓர் அலைவரிசையைத் தொடங்கி, அதில் புதிய ஸ்டார் ட்ரெக் தொடரை ஒளிபரப்பத் திட்டமிட்டிருந்தது. அலைவரிசைத் திட்டம் கைவிடப்பட, 1977இல் ஸ்டார் வார்ஸ் பெற்ற வெற்றியும் சேர்ந்துகொள்ள, அந்தத் தொடரின் தொடக்க அங்கத்துக்கு எழுதப்பட்ட கதையே படமாயிற்று. நான்கு கோடி டொலருக்கும் மேல் விழுங்கிய அந்தப் படத்துக்குப் பிறகு, அடுத்ததை ஹார்வ் பெனட் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளரிடம் கொடுத்தார்கள். அவர் ஏறத்தாழ ஒரு கோடியே இருபது இலட்சத்துக்குள், முதற்படத்தின் விண்வெளிக் காட்சிகள் சிலவற்றையே மீண்டும் வெட்டி ஒட்டி, கானின் படத்தை முடித்தார். அதன் இறுக்கம் அந்தச் சிக்கனத்தில் பிறந்தது என்றே நான் நம்புகிறேன்.

மாங்குளம் ரீச்சர்:
அந்தச் சிக்கனம் மறுபக்கமும் பாய்ந்தது. 1987இல் தொடங்கிய நெக்ஸ்ட் ஜெனரேஷன் தொடருக்குப் படங்களுக்காகக் கட்டிய அரங்குகளையே மாற்றியமைத்துப் பயன்படுத்தினார்கள். ஜெரி கோல்ட்ஸ்மித் 1979ஆம் ஆண்டுப் படத்துக்கு அமைத்த இசையே அதன் முகப்பிசையுமாயிற்று. 1991ஆம் ஆண்டுப் படத்தில் கூட்டமைப்பு அதிபரின் அலுவலகமாக வருவது, அதே தொடரின் கப்பலிலுள்ள மதுக்கூட அரங்குதான்.

எனக்கு மிகப் பிடித்தது, கிளிங்கான்கள் என்ற வேற்றுக்கிரக இனத்தவரின் நெற்றி. மூலத் தொடரில் மழமழவென்றிருந்த நெற்றி, செலவழிக்க வசதி கிடைத்ததும் 1979ஆம் ஆண்டுப் படத்தில் மேடும் பள்ளமுமாகிவிட்டது. 1996இல் டீப் ஸ்பேஸ் நைன் என்ற இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரின் குழுவினர் காலத்தில் பின்னோக்கிச் சென்று பழைய கிளிங்கான்களைப் பார்த்துத் திகைத்து, பக்கத்தில் அமர்ந்திருக்கும் தங்கள் கிளிங்கான் தோழர் வோர்ஃபைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர், அதைப் பற்றி வெளியாட்களோடு பேசுவதில்லை என்று முகத்தை இறுக்கிக்கொள்கிறார். 2005இல் என்டர்பிரைஸ் தொடர் இரண்டு அங்கங்களைச் செலவிட்டு மரபணுக் காரணமெல்லாம் சொன்னது. வோர்ஃபின் அந்த ஒரு வரியே போதுமாயிருந்தது.

ஒட்டுசுட்டான்:
ரீச்சர் சொல்வது சரி. ஆனால் படங்கள் தொடர்களுக்குச் செய்த கெடுதலையும் சொல்லத்தான் வேண்டும். கோவலன் கூத்துக்கு நடுச்சாமத்தில் வந்து அமர்பவருக்கும் கண்ணகி கதை முன்பே தெரியும். படம் எடுப்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது. தொடரையே பாராதவரும் நுழைவுச்சீட்டு வாங்குவார். ஆகவே அவர்கள் கப்பல் நிறைய இருந்த மாந்தரை ஓரங்கட்டி, கப்டனின் பழிவாங்கலைப் பிடித்துக்கொள்கிறார்கள். 1990இல் போர்க் (Borg) என்ற பாதி இயந்திர இனத்தின் கூட்டம், நெக்ஸ்ட் ஜெனரேஷன் கப்டன் பிக்கார்டைப் பிடித்துத் தங்களில் ஒருவராக்கியது. 1992இல் அதே பிக்கார்ட், கையில் சிக்கிய ஓர் இளம் போர்க்கைக் கொண்டு அந்தக் கூட்டத்தையே அழிக்க வாய்ப்பிருந்தும் அதைக் கைவிடுகிறார். 1996ஆம் ஆண்டுப் படமோ அந்த மனமாற்றம் நடக்கவேயில்லை என்பதுபோல் அவரை வெறிகொண்டு வேட்டையாட விடுகிறது. படம் விறுவிறுப்பானதுதான், மறுக்கவில்லை.

பரந்தன் வாசகன்:
நன்றி அண்ணா, ரீச்சர். 1996ஆம் ஆண்டுப் படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. 1990, 1992 அங்கங்களை முதலில் பார்த்துவிட்டு அதற்குப் போகிறேன். இந்த ஒரு தடவையாவது ஒழுங்கு முறையில் பார்க்கிறேன்.