மஸ்ஜிட் ஜாமெக் நடைபாதை: ஈயம் தோண்டிய குழி எங்கே?

செந்தூல்வாசி:
வணக்கம். போன ஞாயிறு பிள்ளைகளோடு மஸ்ஜிட் ஜாமெக் பக்கம் ஆற்றங்கரை நடைபாதையில் நடந்தோம். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேருகிற இடத்தில் நின்று, கோலாலம்பூர் ஈயத்தால் (வெள்ளீயம்) பிறந்த ஊர், இங்கேதான் ஆரம்பம் என்று சொன்னேன். உடனே பத்து வயது மகள், "அப்படின்னா குழி எங்கேப்பா?" என்று கேட்டுவிட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த முறை ஈய வரலாற்றுக்காகவே நடக்க ஆசை. எங்கே பார்க்கலாம்? நம் ஆட்களுக்கு இதில் பங்கு உண்டா?

அம்பாங் அக்கா:
தம்பி, மகள் கேட்டது சரியான கேள்வி. அங்கே இருந்தது துறைதான். 1857-இல் கிள்ளான் தலைவர் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் படகேறி வந்து, அந்தக் கூடுதுறையில் இறங்கி, காட்டு வழியாக அம்பாங்குக்கு நடந்து போனார்கள். தோண்டியது அங்கேதான். ஒரே மாதத்தில் காட்டுக் காய்ச்சல் வாரிக்கொண்டு போனது, மிஞ்சியவர்கள் 18 பேர். மறுபடியும் ஆள் அனுப்பி, 1859-இல்தான் முதல் ஈயம் வெளியே போனது. லம்பத்துக்கு, அதாவது ஈயச் சுரங்கத்துக்கு, அரிசி வந்து இறங்குவதும் ஈயம் படகேறுவதும் அந்தத் துறையில்தான் என்பதால் பக்கத்திலேயே கடைகள் முளைத்தன, கடைகள் ஊரானது. அதனால் நடையை அங்கே தொடங்கி மேடான் பாசார் போங்கள், சீனர் தலைவர் யாப் ஆ லோய் காலத்துச் சந்தை இருந்த இடம். அப்புறம் அவர் 1864-இல் எழுப்பிய சின் சே சி யா கோயில்.

ரவாங்காரன்:
நம் பங்கு நிச்சயம் உண்டு, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடாதீர்கள். அந்தச் சீனக் கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் நம் மகா மாரியம்மன் கோயில். 1873-இல் அதற்கு வழிசெய்த தம்புசாமிப் பிள்ளை ஈயத் தொழிலிலும் இருந்தவர். சீனத் தொழிலதிபர் லோக் இயூவோடு கூட்டுச் சேர்ந்து எங்கள் ரவாங்கில் லம்பம் நடத்தினார், தண்ணீர் இறைக்க மின்சாரப் பம்பு வைத்தவர்கள் அவர்கள். கோயில் வாசலில் நின்று இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு மறக்காது. 1886-இல் கிள்ளான் ரயில் பாதை வந்த பிறகு ஈயத்துக்குப் படகு தேவைப்படவில்லை. இந்நாட்டு ரயில் பாதைகளில் நம்மவர்கள் சிந்திய வியர்வை எவ்வளவு!

லம்பத்துப் பேரன்:
என் தாத்தா சுங்கை பீசியில் லம்பத்தில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் எனக்கு ஈயம் அரிக்கும் டூலாங் பிடிக்கக் காட்டியிருக்கிறார். மரத்தில் குடைந்த அகலத் தட்டு, நடுவில் லேசான பள்ளம். நம் வீட்டில் அரிசியில் கல் அரிப்பது போலவேதான், ஆனால் இங்கே கீழே தங்குவதுதான் வேண்டும். தண்ணீருக்குள் வைத்துச் சுற்றச் சுற்ற மணல் விளிம்பு தாண்டிப் போகும், கடைசியில் பள்ளத்தில் கடுகை விடப் பொடியாகக் கறுப்பு மணிகள் நிற்கும். கையில் அள்ளினால் அந்தக் கனத்தை நம்பவே முடியாது, மணலைப் போல இரண்டரை மடங்கு கனம். உயரமாகச் சாரம் கட்டி நிறுத்திய பாலோங் என்ற சரிவான மரக்கால்வாயிலும் இதே சங்கதிதான். பம்பு சேற்றை மேலே ஏற்றும், அது சரிவில் ஓடிவரும்போது குறுக்குப் பலகைகளில் ஈயம் தங்கிவிடும், மணல் போய்விடும்.

மகளிடம் சொல்லுங்கள், குழியெல்லாம் இப்போது ஏரி. தித்திவாங்சா ஏரி பழைய ஈயக்குட்டை, சுங்கை பீசியில் மைன்ஸ் ஏரி பெரிய திறந்தவெளி லம்பம். 1985-இல் ஈய விலை சரிந்து லம்பங்கள் மூடியபோது தாத்தா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்று பாட்டி சொல்வார்.

செந்தூல்வாசி:
அண்ணா, எத்தனையோ சாயங்காலம் தித்திவாங்சாவில் பிள்ளைகளை ஓட விட்டிருக்கிறேன், குழி மேலேயே நடந்திருக்கிறோம்! சரி, காலை ஏழு மணிக்குக் கூடுதுறையில் தொடங்கி இரண்டு கோயிலும் பார்த்துவிட்டு ஏரியில் முடிக்கிறேன்.

லம்பத்துப் பேரன்:
நல்லது. ஒன்றே ஒன்று, வேலி போடாத பழைய குட்டை எதையாவது கண்டால் பிள்ளைகளைக் கரைக்கு விடாதீர்கள். இரண்டு அடி தள்ளினால் திடீரென்று ஆழம், கரை மணல் காலடியில் சரிந்துவிடும்.