படங்களுக்கு நடுவே திடீர் இரைச்சல்: உளவியல் ஆய்வில் எதை அளந்தார்கள்?

மாலைவெயில் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் உளவியல் ஆய்வு ஒன்றில் பங்கேற்பாளராகச் சேர்ந்திருந்தேன். மங்கலான அறையில் திரைக்கு முன் அமர்த்தி, இடக்கண்ணின் கீழே இரண்டு சிறு மின்முனைகளையும் உள்ளங்கையில் இரண்டையும் ஒட்டினார்கள். பிறகு நாய்க்குட்டி, பனிமலை, நீட்டிய துப்பாக்கி, வெட்டுப்பட்ட கை, வெறும் நாற்காலி என ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத படங்கள் வந்தன. ஒவ்வொரு படத்துக்குப் பின்னும், சிரிப்பிலிருந்து அழுகை வரை முகம் மாறும் பொம்மை உருவங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நடுநடுவே காதணிபேசியில் ‘டப்’ என்று ஓர் இரைச்சல் கேட்டது. அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

இரண்டாம் பகுதியில் படங்கள் கண நேரம் மின்னி மறைந்தன. அவற்றில் விலங்கு இருந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். பெரும்பாலும் ஊகித்தே அழுத்தினேன். ஆனால் பெரும்பாலானவை சரி என்றார்கள்.

என் ஐயங்கள் மூன்று. பொருட்படுத்த வேண்டாத இரைச்சலை எதற்காக எழுப்பினார்கள்? மைத்தடங்களைக் காட்டி மனத்தைப் படிக்கும் சோதனையும் இதுவும் ஒரே வகையைச் சேர்ந்தவையா? வெட்டுப்பட்ட கையைப் பார்த்தபோது எனக்குப் பெரிதாக எதுவும் தோன்றாததால் நடுவிலிருந்த பொம்மையையே தேர்ந்தெடுத்தேன். அதனால் ஆய்வைக் கெடுத்துவிட்டேனா? (நான் கல்மனத்தவனோ என்ற கவலையும் இருக்கிறது என்பதை மறைப்பானேன்.)

நுண்நோக்கி (பதில்):

நீங்கள் பொருட்படுத்த வேண்டாத அந்த இரைச்சல்தான் ஆய்வாளர்களுக்கு மிகவும் வேண்டியது. எதிர்பாராத ஒலி கேட்டால் மனிதர் கண் சிமிட்டுவது அனிச்சைச் செயல். விரும்பினாலும் எளிதில் தடுக்க முடியாது. கண்ணைச் சுற்றியுள்ள தசை அப்போது எவ்வளவு வலுவாகச் சுருங்குகிறது என்பதை, கண்ணின் கீழே ஒட்டியிருந்த மின்முனைகள் பதிவு செய்கின்றன. இன்னாத காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒலி வந்தால் சிமிட்டல் வலுப்பதையும், இனிய காட்சியின்போது அது தளர்வதையும் உளவியலாளர் பீட்டர் லாங்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1988இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். அச்சமூட்டும் படம் உடலைத் தற்காப்பு நிலைக்கு ஏற்கெனவே கொண்டுவந்துவிடுவதால், அதன்மேல் வந்து விழும் இரைச்சலுக்கு உடல் கூடுதலாகத் திடுக்கிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

உள்ளங்கை மின்முனைகள் அளப்பது வேறு. வியர்வைச் சுரப்பிகள் இயங்கும்போது தோலின் மின்கடத்துதிறன் உயர்கிறது. ஆனால் அந்த உயர்வு களிப்பினால் வந்ததா, அச்சத்தினால் வந்ததா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. உணர்ச்சி எவ்வளவு மூண்டது என்பதற்குத் தோலும், அது இனிமையின் பக்கமா இன்னாமையின் பக்கமா என்பதற்குச் சிமிட்டலும் சான்று தருகின்றன. அதனால்தான் ஒரே படத்துக்கு இரண்டையும் எடுக்கிறார்கள்.

நீங்கள் பார்த்த பொம்மை உருவங்களும் இதே அடிப்படையில் அமைந்தவை. முகம் மாறும் வரிசை இனிமை, இன்னாமையைக் குறிக்கிறது. கண்மூடி அமைதியாக இருக்கும் உருவம் படிப்படியாக வயிற்றில் வெடிப்புடன் விழித்து நிற்கும் இன்னொரு வரிசை எழுச்சியின் அளவைக் குறிக்கிறது. சொற்களைத் தவிர்த்து உருவங்களை வைத்திருப்பதால், எந்த மொழி பேசுபவரும் ஏறக்குறைய ஒரே விதமாக விடையளிக்க முடிகிறது. இத்தகைய ஆய்வுகளுக்கென்று ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் லாங்கின் குழு தொகுத்த படத்தொகுதியில், ஒவ்வொரு படத்துக்கும் பலர் அளித்த மதிப்பெண்களின் சராசரி இருக்கிறது. அந்தப் படங்களை நாளிதழிலோ இணையத்திலோ வெளியிட வேண்டாம் என்று ஆய்வாளர்களிடம் கேட்டுக்கொள்கிறார்கள்; முன்பே பார்த்துப் பழகிய படம் அடுத்த பங்கேற்பாளரிடம் அதே விளைவைத் தராது. 2017இல் வெளியான, 900 படங்கள் கொண்ட மற்றொரு தொகுதியோ, கட்டுப்பாடின்றி எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி அமைந்தது.

உங்கள் நடு மதிப்பெண்ணால் எதுவும் கெடவில்லை. சராசரி என்றாலே அதன் இருபுறமும் ஆட்கள் இருப்பார்கள். நீங்கள் பொம்மையைத் தேர்ந்தெடுத்தது நிதானமாக எண்ணிப் பார்த்த பிறகு. உங்கள் இமை அதற்கு முன்பே விடை சொல்லியிருக்கும், அது உங்கள் மதிப்பெண்ணோடு ஒத்துப்போயிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

பழையமாணவி (பதில்):

மைத்தடச் சோதனை பற்றிய கேள்விக்கு: இரண்டும் வேறு வேறு. 1921இல் சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் ஹெர்மன் ரோர்ஷாக் வெளியிட்ட பத்து அட்டைகளில் இருப்பவை எதையும் திட்டமாகக் குறிக்காத வடிவங்கள். தெளிவற்ற ஒன்றைப் பார்க்கும்போது மனிதர் தம் உள்ளத்திலிருப்பதை அதன்மேல் ஏற்றிக் காண்பார் என்ற எண்ணமே இதுபோன்ற புறத்தேற்று முறைகளுக்கு அடிப்படை. நீங்கள் பார்த்த படங்களோ நாயா, துப்பாக்கியா என்ற ஐயத்துக்கு இடமே தராதவை. அங்கே ஒரு மனிதரை அறிய முயல்கிறார்கள்; இங்கே மனிதரின் பொதுவான இயல்பை அறிய முயல்கிறார்கள்.

வௌவால் தெரிந்தால் இன்ன குணம், பூ தெரிந்தால் இன்ன குணம் என்று இணையத்தில் உலவும் விளையாட்டுகளுக்கும் ரோர்ஷாக்குக்கும் தொடர்பில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சி பெற்றவர், விடை தடம் முழுவதையும் தழுவியதா, ஒரு மூலையை மட்டும் பற்றியதா, வடிவத்துக்குப் பொருந்துகிறதா, நிறமும் அசைவும் அதில் வருகின்றனவா என்றெல்லாம் குறித்துக்கொள்வார். சிந்தனைக் குலைவைக் காட்டும் சில அளவீடுகளுக்கு நல்ல சான்று உண்டு. ஆளுமையைச் சொல்வதாகக் கூறப்படும் பலவற்றுக்கு அந்த வலு இல்லை.

இரண்டாம் பகுதியில் நீங்கள் வியப்படைந்தது நியாயமே. 1996இல் சைமன் தோர்ப்பும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய சோதனையில், வெறும் 20 மில்லி விநாடி மட்டும் காட்டிய படங்களில் விலங்கு உண்டா இல்லையா என்பதைப் பங்கேற்பாளர்கள் சராசரியாக 94 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள்; விலங்குள்ள படத்துக்கும் இல்லாத படத்துக்கும் இடையிலான வேறுபாடு சுமார் 150 மில்லி விநாடிக்குள் மூளை அலைகளில் தெரிந்தது. ஊகம் என்று நீங்கள் நினைத்தது பார்வையின் வேலைதான்.

எதிர்க்கேள்வி (பதில்):

நண்பர்கள் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் படம் என்ற கருவியைவிட, அதனோடு கேட்கப்படும் கேள்வி பல நேரங்களில் முடிவைத் தீர்மானித்துவிடுகிறது என்பது என் கருத்து. முகபாவ ஆய்வுகளே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உளவியலாளர்கள் பால் எக்மனும் வாலஸ் ஃபிரீசனும் பாப்புவா நியூ கினியின் ஃபோரே மக்களிடம் ஒரு சிறு கதையைச் சொல்லி, அதற்குப் பொருந்தும் முகத்தை மூன்று ஒளிப்படங்களிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். விடைகள் பெரிதும் ஒத்துப்போனதை 1971இல் வெளியிட்டு, அடிப்படை உணர்ச்சிகளின் முகபாவங்கள் உலகப் பொதுவானவை என்றார்கள்.

மாறாக, 2014இல் வெளியான ஆய்வில், நமீபியாவின் ஹிம்பா மக்களிடம் தேர்வுகள் எதையும் முன்வைக்காமல், முகப் படங்களை அவர்கள் விருப்பப்படி குவியல்களாகப் பிரிக்கச் சொன்னபோது, எதிர்பார்த்த உணர்ச்சி வகைகளின்படி குவியல்கள் அமையவில்லை. மூன்றில் ஒன்று என்று கேட்டால், தெரியாதவரும் பொருந்தாத இரண்டைக் கழித்து மூன்றாவதை எடுத்துவிடுவார். மாலைவெயில் அவர்களே, உங்களிடமும் “என்ன தோன்றியது?” என்று வெறுமனே கேட்டிருந்தால், வெட்டுப்பட்ட கைக்கு நீங்கள் நடு மதிப்பெண் சொல்லியிருக்க மாட்டீர்கள், வேறு ஏதாவது சொல்லியிருப்பீர்கள்.

மாலைவெயில்:

மூவருக்கும் நன்றி. எதிர்க்கேள்வி அவர்கள் சொன்னது சரிதான். உண்மையில் எனக்குத் தோன்றியது, “இது திரைப்பட ஒப்பனை போல இருக்கிறதே” என்பதுதான். அதைச் சொல்ல எந்தப் பொம்மையும் இல்லை. இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது: சில படங்களுக்கு இரைச்சலே வரவில்லை, சில முறை வெறும் திரையின்போது வந்தது. கருவிப் பிழையாக இருக்குமோ?

நுண்நோக்கி:

பிழையன்று. எல்லாப் படங்களுக்கும் ஒலி வந்தால் நீங்கள் அதை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள், அப்போது திடுக்கிடல் குறைந்துவிடும். வெறும் திரையின்போது வந்த ஒலிக்கும் காரணம் உண்டு. படம் எதுவும் இல்லாதபோது உங்கள் இமை எவ்வளவு வலுவாகச் சிமிட்டுகிறது என்று தெரிந்தால்தான், துப்பாக்கிப் படம் அதில் எவ்வளவு சேர்த்தது என்று கணக்கிட முடியும். ஒப்பனை என்று தோன்றியதை ஆய்வாளரிடம் எழுதிச் சொல்லுங்கள். அந்தப் படத்தை அவர்கள் மறுபடியும் பார்க்க வேண்டியிருக்கலாம்.