மயக்கத்துல இருந்தா வலி தெரியாதா? ஐசியூ அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க

அப்பா வென்டிலேட்டர்ல இருந்தப்போ பால் மாதிரி வெள்ளையா ஒரு மருந்து பம்ப்ல ஏறிட்டே இருந்துச்சு, புரோபோஃபால்னாங்க. அதான் தூங்குறாரே, வலி எங்க தெரியப்போகுதுன்னு நாங்களும் இருந்துட்டோம். ஆனா திருப்பிப் படுக்க வைக்கும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பார், உடனே வென்டிலேட்டர் அலாரம் அடிக்கும். டூட்டி டாக்டர் வந்து பாத்துட்டு மயக்க மருந்தைத் தொடவே இல்ல, ஃபென்டனில்ங்கற வலி மருந்தை மட்டும் கொஞ்சம் ஏத்தினார், அப்புறம் திருப்பினப்போ அந்தச் சுளிப்பு இல்ல. வேற யாராச்சும் இப்படிப் பாத்திருக்கீங்களா?

*

ஆமாங்க, நான் ஐசியூ நர்ஸ். புரோபோஃபால், மிடசோலம் ரெண்டும் தூங்க வைக்கும், வலிக்குக் கேக்காது. அதான் இப்பல்லாம் முதல்ல வலிக்கு மருந்து, அதுக்கப்புறமும் தேவைப்பட்டாதான் மயக்கம். வாயில டியூப் இருக்கறவங்களால சொல்ல முடியாதில்ல, அதுக்கு சிபாட்னு ஒரு ஸ்கோர் போடுவோம், முகம், கைகால் அசைவு, தசை இறுக்கம், வென்டிலேட்டரோட ஒத்துப்போறாங்களா, ஒவ்வொண்ணுக்கும் 0லருந்து 2, மொத்தம் 8, பொதுவா 3 வந்தாலே வலி இருக்குன்னு எடுத்துப்போம். பிபி, பல்ஸ் ஏறுறதை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. தசையை செயலிழக்க வைக்கற மருந்து ஓடுறவங்களுக்கு இந்த ஸ்கோரும் உதவாது, முகமே அசையாதே, அதனால அவங்களுக்கு வலி மருந்தும் ஆழ்ந்த மயக்கமும் கட்டாயம்.

சொந்தக்காரங்க நிறைய பேர் "ஏன் கண்ணு தொறந்திருக்கு, நல்லா தூங்க வைங்க"ன்னு சண்டைக்கே வருவாங்க. கூப்பிட்டா கண் தொறந்து பாக்கற அளவு லேசான மயக்கம்தான் பெரும்பாலானவங்களுக்கு நல்லது, ஆழமா வச்சா வென்டிலேட்டர்லருந்து எடுக்கவே லேட்டாகும். தலைக்குள்ள பிரஷர் ஏறினவங்க மாதிரி சிலருக்கு மட்டும் கணக்கு வேற.

*

நான் அந்த பெட்ல படுத்திருந்தவன். ஆபரேஷன் பண்ண இடத்தை விட டியூப் வழியா சளி உறிஞ்சறதுதான் கொடுமை. சொல்லிட்டு செஞ்சா தாங்கிக்கலாம், சொல்லாம செஞ்சா யாரோ கழுத்தை நெரிக்கற மாதிரியே இருக்கும். நடுவுல டெலிரியம்னு ஒரு மனக்குழப்பம் வேற, சுவர் பூரா பூச்சி, நர்ஸெல்லாம் என்னைக் கடத்திட்டாங்கன்னு நம்பிட்டேன், கையை வேற கட்டியிருந்தாங்களா, சந்தேகமே இல்லாம போச்சு. மயக்க மருந்தை டெக்ஸ்மெடிடோமிடினுக்கு மாத்தினப்புறம் கொஞ்சம் தெளிவு. என் கண்ணாடியைப் போட்டுவிட்டு தேதி, கிழமை சொன்னாங்க பாருங்க, அது ரொம்ப உதவுச்சு.

*

சிஸ்டர், ஃபென்டனில் பழக்கமாயிடுமோன்னு அம்மா பயப்படறாங்க?

*

ரொம்ப நாள் ஓடினா உடம்பு பழகும், அதனால டக்குனு நிறுத்தாம படிப்படியா குறைப்போம். டோஸ் குறையட்டும்னுதான் பாராசிட்டமாலும் சேத்துக் குடுக்கறது. நீங்க மோஷன் போறாரான்னு கேளுங்க, ஃபென்டனில்ல மலச்சிக்கல் அடிக்கடி வரும், அதை யாரும் கேக்கறதே இல்ல.