புதுப்பிப்பு: ரைஸ் ஏரியில் படகின் வேகம் குறைந்தது, மீன் கடித்தது

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து ரைஸ் ஏரியில் 12 அடிப் படகிலிருந்து புழுத் தூண்டிலை இழுத்துப் போகிறேன், வால்ஐ (walleye) என்ற நன்னீர் மீன் தொடுவதே இல்லை, ஏன் என்று போன மாதம் கேட்டிருந்தேன். காரணம் அதிக வேகம்தான். மோட்டாரை எவ்வளவு குறைத்தாலும் ஜிபிஎஸ் மணிக்கு 4 கிலோமீட்டர் காட்டியது. அடியில் துளையிட்ட வாளியை முன்பக்கம் கயிற்றில் கட்டித் தண்ணீரில் விட்டேன், அது படகைப் பிடித்து இழுக்க, வேகம் 2-க்கு இறங்கிவிட்டது. கயிறு மோட்டார் விசிறிக்கு எட்டாத நீளத்தில் இருக்கட்டும், இது முக்கியம்.

அந்த வேகத்திலும் புழுவுக்கு முன்னால் மாட்டிய கொலராடோ எனும் வட்டமான தகடு சுழல்கிறது, தூண்டில் கம்பின் நுனி மெல்லத் துடிக்கிறது. அப்புறம் பாசி ஓரமாக வளைந்து வளைந்து ஓட்டினேன். திரும்பும்போது உள்பக்கத் தூண்டில் வேகம் குறைந்து கீழே இறங்கும். கிடைத்த மூன்று கடியும் அதில்தான்! சரி, நாளை மாலை இன்னும் மெதுவாகப் போய்ப் பார்க்கிறேன்.